பூசுவதற்கு முன் சோதிப்போம்

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். நம் தேனி மாவட்டத்து வியாபாரிகளுக்குத் தீபாவளி விற்பனையும் அந்த நேரத்தில்தான். கிட்டங்கியில் சரக்கு நிறைந்து கிடப்பதும் அப்போதுதான். மொட்டைமாடி ஒழுகுவதும் அப்போதுதான். கல்லாவில் உட்கார்ந்திருக்கையில் மேற்கே மலை இருண்டால், ஊருக்கு மழை வருகிறதே என்று மனம் குளிர்கிறது. அடுத்த நிமிடமே, உள்ளே அடுக்கிவைத்த மூட்டைகளுக்கு என்ன ஆகுமோ என்ற கவலையும் வந்துவிடுகிறது. கூடலூர், லோயர்கேம்ப் பக்கத்து உறுப்பினர்களுக்கு இந்தக் கவலை இன்னும் முன்கூட்டியே வரும். தென்மேற்குப் பருவமழையின் சாரல் ஆனி, ஆடியிலேயே அங்கே இறங்கிவிடுகிறது.

ஒழுகினால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் வாளி வைக்கிறோம். பிறகு தார்ப்பாய் விரிக்கிறோம். மழை விட்டதும் கொத்தனாரைக் கூப்பிட்டு, கீழே ஈரம் தெரிந்த இடத்துக்கு நேர் மேலே சிமென்ட் பாலும் ஏதாவது ஒரு ரசாயனமும் பூசச் சொல்கிறோம். அடுத்த ஐப்பசியில் மறுபடியும் அதே இடத்தில் சொட்டுகிறது. மறுபடியும் பூசுகிறோம். இப்படி ஆண்டுதோறும் செலவழித்துவிட்டு, "இந்தக் கட்டடமே இப்படித்தான்" என்று அலுத்துக்கொள்ளும் உறுப்பினர்கள் நம்மில் எத்தனையோ பேர். தண்ணீர் எங்கே நுழைகிறது என்பதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. இந்த இதழில் நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே ஒன்றுதான்: பூசுவதற்கு முன் சோதிப்போம்.

கம்பம் பகுதியில் மிளகும் பருப்பும் மொத்தமாக வைத்து வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் அனுபவத்தை இங்கே சொல்ல வேண்டும். அவருடைய கிட்டங்கியில் நடுக்கூரையில் ஒழுகல். ஐந்தாண்டில் மூன்று முறை மாடி முழுவதும் பூச்சு அடித்துவிட்டார். ஒவ்வொரு முறையும் வந்தவர் பத்தாண்டு உத்தரவாதம் என்று அட்டை கொடுத்தார். அட்டைகள் பத்திரமாக இருக்கின்றன, ஒழுகலும் இருந்தது. கடைசியில் மதுரையிலிருந்து ஒரு பொறியாளரை வரவழைத்தார். அவர் பூச்சு எதையும் தொடவில்லை. மாடியைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தண்ணீர் கட்டிப் பார்த்தார். நடுமாடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றும் கீழே ஒரு சொட்டு இல்லை. முன்பக்கக் கைப்பிடிச் சுவரை ஒட்டிய பாத்தியில் தண்ணீர் கட்டிய அன்று மாலையே நடுக்கூரை நனைந்தது. முன்பு பெயர்ப்பலகை மாட்டுவதற்காக அந்த இடத்தில் இரும்புச் சட்டத்தைப் போல்ட் போட்டு இறக்கியிருந்தார்கள். அந்தத் துளை வழியாக நுழைந்த தண்ணீர், தட்டோட்டுக்கும் கான்கிரீட் தளத்துக்கும் நடுவே ஓடிவந்து, நடுவில் இருந்த ஒரு விரிசலில் இறங்கியிருக்கிறது. துளையை அடைத்த செலவு சொற்பம். மூன்று முறை பூசிய பணத்தில் மாடி முழுவதற்கும் புதிதாகத் தட்டோடு பாவியிருக்கலாம் என்று நண்பர் இப்போதும் சொல்லி வருந்துகிறார்.

இதில் எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தண்ணீர் நுழையும் இடம் வேறு, சொட்டும் இடம் வேறு. நம் பக்கத்து மாடிகளில் கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு இருக்கும். அதன் மேல் தட்டோடு பதித்திருக்கும். அந்த ஜல்லி அடுக்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மழை விட்டுப் பல நாள் கழித்தும் சில கூரைகள் சொட்டுவது இதனால்தான். மேலே பூச்சு அடித்து வாயை அடைத்துவிட்டால், உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் கீழ்நோக்கித்தான் இறங்கும். தளத்துக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருவேறிய கம்பி பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். காரை பெயர்ந்து விழுவது அதற்குப் பிறகு நடப்பது.

சோதனை என்றால் என்ன என்று உறுப்பினர்கள் கேட்கலாம். முதற்படி கண்ணால் பார்ப்பதுதான், ஆனால் முறையாகப் பார்ப்பது. கீழே எங்கெங்கே கறை, எங்கெங்கே உப்புப் பூத்திருக்கிறது, எங்கே காரை உப்பியிருக்கிறது என்பதை ஒரு வரைபடத்தில் குறிக்க வேண்டும். மேலே போய், மழைநீர்க் குழாயின் வாய், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தொட்டியின் அடிப்பாகம், இரண்டு கட்டடம் சேரும் இடைவெளி, போல்ட் இறக்கிய இடங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே பார்க்க வேண்டும். கசிவு பெரும்பாலும் இந்த இடங்களில்தான் பிறக்கிறது. சுத்தியலால் மெல்லத் தட்டினால், பிடிப்பு விட்ட தட்டோடு வெற்றொலி கொடுக்கும். வாட்டம் சரியாக இருக்கிறதா என்பதை மட்டக் குழாய் வைத்துப் பார்த்துவிடலாம். பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் இருந்தால் தண்ணீர் தங்காமல் ஓடும். மழை இல்லாத மாதத்திலும் கூரையில் ஈரம் தெரிந்தால் குற்றவாளி மாடியாக இருக்காது. தண்ணீர்க் குழாயையோ தொட்டியையோ முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே மாடி முழுவதும் பூச்சு அடித்தவர்கள் உண்டு.

அடுத்தது தண்ணீர் கட்டிப் பார்க்கும் சோதனை. மழைநீர்க் குழாய்களை அடைத்து, களிமண்ணாலோ சிமென்ட் சாந்தாலோ வரப்புக் கட்டி, இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துவார்கள். குறைந்தது 24 மணி நேரம், தேவைப்பட்டால் 72 மணி நேரம் வைத்துக் கவனிக்க வேண்டும். நம் மாடிகளின் ஜல்லி அடுக்கு தண்ணீரை மெதுவாகத்தான் விடும் என்பதால் அவசரப்படக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளியிலும் தண்ணீர் நிரப்பி வைப்பது நல்லது. கம்பம் பள்ளத்தாக்கின் காற்றுக்குத் தண்ணீர் தானாகவே வற்றும். வாளியில் குறைந்ததைவிட மாடியில் அதிகமாகக் குறைந்திருந்தால் மிச்சம் கசிந்தது என்று பொருள். பாத்திக்கு ஒரு நிறமாகச் சாயம் கலந்தால், எந்தப் பாத்தித் தண்ணீர் எங்கே சொட்டுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை. ஆயிரம் சதுர அடி மாடியில் ஏறத்தாழ 4,650 கிலோ சேர்ந்துவிடும். ஏறிப் புழங்கும் மொட்டைமாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ மேற்பாரம் என்று கணக்கிட்டுக் கட்ட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. அப்படிக் கட்டிய நல்ல தளம் இந்தத் தண்ணீரைத் தாங்கும். கம்பி துருப்பிடித்துக் காரை விழுந்துகொண்டிருக்கும் தளத்திலோ, கடைவீதிகளில் இன்னும் மிச்சமிருக்கும் மரக்கட்டையும் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையிலோ பொறியாளர் பார்க்காமல் தண்ணீர் கட்டவே கூடாது. அத்தகைய இடங்களில் ஒவ்வொரு மூலையாகக் குழாயால் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

மூன்றாவது, கருவிகள். சுவரிலும் கூரையிலும் வைத்தால் ஈரத்தைக் காட்டும் மீட்டர் உண்டு. வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமரா உண்டு. நல்ல வெயில் அடித்த நாளில், பொழுது சாய்ந்த பிறகு பார்த்தால், ஈரம் தங்கிய இடம் மற்ற இடத்தைவிட மெதுவாகக் குளிர்வது படத்தில் தெரியும். ஆனால் அந்தக் கேமரா காட்டுவது வெப்ப வேறுபாட்டை மட்டுமே. ஈரம்தானா என்பதை மீட்டரை வைத்து உறுதி செய்ய வேண்டும். வெளிநாடுகளில் பெருகிவரும் மின்முறைச் சோதனை, மின்சாரம் கடத்தாத விரிப்பு போட்ட கூரைகளுக்குத்தான் ஏற்றது. தட்டோடு பாவிய நம் மாடிக்கும் அது பொருந்தும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கான்கிரீட்டின் உறுதியை அறிய, எகிறும் சுத்தியல் சோதனையும் கேளா ஒலி அலைச் சோதனையும் நம் நாட்டில் தரப்படுத்தப்பட்டு 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்று அவை ஐ.எஸ். 516 விதியின் 5ஆம் பாகத்தில் இருக்கின்றன. பினாப்தலீன் கரைசலைப் புதிதாக உடைத்த கான்கிரீட்டில் தெளித்தால், ஆரோக்கியமான பகுதி இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதி கம்பியைக் காக்கும் சக்தியை இழந்துவிட்டது என்று அறியலாம். இவையெல்லாம் எல்லா மாடிக்கும் தேவை இல்லை. எதற்கு எது தேவை என்று சொல்வதுதான் பொறியாளரின் வேலை.

"மாடிக்கும் டாக்டரா?" என்று சிலர் சிரிக்கலாம். "முப்பது வருட அனுபவமுள்ள கொத்தனார் இருக்கும்போது இஞ்சினியர் எதற்கு?" என்றும் கேட்கலாம். கொத்தனாரின் அனுபவத்துக்கு நாம் எதிரியல்ல. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு அடித்து, நாள்கணக்கில் தளம் தட்டிய பழைய கைகள் கட்டிய மாடிகள் இன்றும் ஒழுகாமல் நிற்கின்றன. ஆனால் இன்றைய மாடி வேறு. அதன் மேல் பிளாஸ்டிக் தொட்டி, சோலார் தகடு, குளிர்சாதனப் பெட்டி, செல்போன் கோபுரம், விளம்பரப் பலகை என்று எத்தனையோ ஏறிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் துளை போட்டிருக்கிறோம். எந்தத் துளை எங்கே இருக்கிறது என்ற குறிப்பு நம்மிடமே இல்லாதபோது கொத்தனார் மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பார்? சோதனை அறிக்கை கையில் இருந்தால் அந்தக் கொத்தனாரே அந்த ஒரு மூலையை மட்டும் திருத்திக் கொடுத்துவிடுவார்.

கசிவை அளப்பது நம் பள்ளத்தாக்குக்குப் புதிய பழக்கமும் இல்லை. நமக்குச் சோறு போடும் பெரியாறு அணை, பென்னிகுயிக் 1895இல் கட்டி முடித்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கட்டுமானம். அதில் கசிவு இல்லாமல் இல்லை. 1930களிலேயே துளையிட்டுச் சிமென்ட் கூழ் செலுத்தினார்கள். 1979க்குப் பிறகு மேலே கான்கிரீட் தொப்பி, கம்பி வட நங்கூரம், பின்புறம் கான்கிரீட் முட்டு என்று படிப்படியாகப் பலப்படுத்தினார்கள். ஆய்வுக் குழு அணைக்குப் போகும்போதெல்லாம் சுரங்க வழியில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கசிகிறது என்பதை அளந்து குறிக்கிறார்கள். கணக்கு இருப்பதால்தான், அணை உறுதியாக இருக்கிறது என்று 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் நம் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திப் பேச முடிந்தது. அணைக்கு இவ்வளவு கணக்குக் கேட்கும் நாம், லட்சக்கணக்கில் சரக்கு வைத்திருக்கும் நம் மாடிக்கு ஒரு பக்கக் கணக்குக்கூட வைத்திருக்கவில்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

நஷ்டத்தையும் கணக்குப் பார்ப்போம். ஏலக்காயின் விலையை நிர்ணயிப்பது அதன் பச்சை நிறம். போடிநாயக்கனூர் ஏலத்தில் மாதிரியைப் பார்க்கும் வியாபாரி முதலில் பார்ப்பது அதைத்தான். ஏலக்காய் ஈரத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறினால் நிறம் மங்கும், பூஞ்சை பிடிக்கும். மிளகு, மல்லி, பருப்பு, அரிசி எதுவானாலும் நனைந்த மூட்டை பக்கத்து மூட்டையையும் கெடுக்கும். கெட்ட சரக்கைக் கணக்கிலிருந்து தள்ளினால், அதற்கு ஜி.எஸ்.டி.யில் எடுத்திருந்த உள்ளீட்டு வரிக் கழிவையும் திருப்பிக் கட்ட வேண்டும். சட்டத்தின் 17(5) பிரிவு அப்படிச் சொல்கிறது. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்கலாம். புயல், வெள்ளம், தொட்டி உடைதல் போன்றவற்றுக்குப் பாலிசியில் இடம் உண்டு. நாள்பட்ட கசிவால் கெட்டது என்று சர்வேயர் எழுதிவிட்டால் இழப்பீடு பெறுவது கடினம். மழைக்கு முன் மாடி நல்ல நிலையில் இருந்தது என்று காட்ட ஓர் ஆய்வு அறிக்கை நம் கையில் இருந்தால் வாதாட ஓர் ஆதாரமாவது இருக்கும். உணவுப் பொருள் உரிமம் வைத்திருப்பவர்கள், 2011ஆம் ஆண்டு விதிகளின் 4ஆம் அட்டவணை, கூரையில் பூஞ்சையும் உதிரும் பூச்சும் இருக்கக் கூடாது என்று சொல்வதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

சரக்கைவிடப் பெரியது உயிர். கடைக்குள் பொருள் வாங்க வருபவர் தலையில் காரை பெயர்ந்து விழுந்தால் அதற்கு விலை ஏது? 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து, பழுதானவற்றை இடிக்கும் பணி வேகம் பிடித்தது. பறிகொடுத்த பிறகு வரும் ஆய்வு யாருக்குப் பயன்? நம் கடைவீதிகளிலும் அப்படி ஒரு நாள் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வாடகைக் கட்டடத்தில் இருக்கும் உறுப்பினர்கள் ஒரு சங்கடத்தைச் சொல்கிறார்கள். உரிமையாளரிடம் சொன்னால், "நீங்கள் பலகை மாட்டியதால்தான் ஒழுகுகிறது" என்கிறார். வாடகைதாரர், "கட்டடம் பழசு" என்கிறார். இருவரும் பேசிக்கொண்டிருக்க, மழை பெய்துவிடுகிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகளை உரிமையாளர் பொறுப்பிலும், வாடகைதாரரால் நேர்ந்த சேதத்தை வாடகைதாரர் பொறுப்பிலும் வைக்கிறது. உள்ளாட்சிக்குச் சொந்தமான கடைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே குத்தகை நிபந்தனையைத்தான் பார்க்க வேண்டும். எப்படி இருந்தாலும், சேதம் யாரால் வந்தது என்பதை இரு தரப்பையும் சாராத ஒருவர் எழுதிக் கொடுத்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். வாடகைக்குப் போகும் முன்பே மாடியின் நிலையைப் படத்துடன் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

ஒரு விஷயத்தில் நாம் மிகவும் கண்டிப்பாக இருக்க வேண்டும். சோதிப்பவரும் பூசுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று வருபவர், பூச்சு விற்காமல் திரும்புவாரா? சரக்கை வாங்குபவரே தன் தராசைக் கொண்டுவந்து எடை போட்டால் நாம் ஒப்புக்கொள்வோமா? பொது எடை மேடைக்குத்தானே போகச் சொல்வோம்? மாடிக்கும் அந்த நியாயம்தான். பொறியாளருக்கு அவர் வேலைக்கு உரிய கட்டணத்தைக் கொடுத்து, எழுத்தில் அறிக்கை வாங்க வேண்டும். அறிக்கையில் மாடியின் வரைபடம், படங்கள், எண்ணிட்ட பழுதுகள், ஒவ்வொன்றுக்கும் காரணம், உடனே செய்ய வேண்டியது எது, இந்த ஆண்டுக்குள் செய்ய வேண்டியது எது, கவனித்துவந்தால் போதுமானது எது என்ற பிரிவு ஆகியவை இருக்க வேண்டும். "முழு மாடிக்கும் பூச்சு தேவை" என்ற ஒற்றை வரி அறிக்கை ஆகாது. பழுது பார்த்த பிறகு மறுபடி ஒருமுறை தண்ணீர் கட்டிப் பார்த்துத்தான் மீதிப் பணம் கொடுப்போம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

எப்போது செய்வது? மழை முடிந்து கறை மறையாத தை, மாசியில் சோதனை. தளம் நன்றாகக் காய்ந்திருக்கும் பங்குனி, சித்திரையில் பழுதுபார்ப்பு. பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் உள்ளவர்கள் வைகாசிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். தேனி, ஆண்டிபட்டிப் பக்கத்தவர்களுக்கு ஆவணி வரை அவகாசம் உண்டு. அதோடு ஆண்டுக்கு இரண்டு முறையாவது மாடிக்கு ஏறி, மழைநீர்க் குழாய் வாயில் அடைத்திருக்கும் குப்பையை எடுத்துவிட வேண்டும். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஏறத்தாழ 930 லிட்டர் தண்ணீர். பத்து சென்டிமீட்டர் பெய்தால் 9,300 லிட்டர். வாய் அடைத்திருந்தால் அவ்வளவும் நம் தலைக்கு மேலேதான் நிற்கும். இந்த வேலைக்குப் பொறியாளர் தேவையில்லை, ஒரு பையனும் ஒரு கூடையும் போதும்.

தனியாக ஒருவர் பொறியாளரை வரவழைத்தால் செலவு கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆகவே சங்கங்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்பது நம் கருத்து. ஒரே வீதியில் ஐந்தாறு கிட்டங்கிக்காரர்கள் சேர்ந்தால் போக்குவரத்தும் கருவி வாடகையும் பங்காகிவிடும். போடிநாயக்கனூரில் 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. மதுரையில் 1957இல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இத்தகைய கல்லூரிகளின் பேராசிரியர்களைச் சங்க நிர்வாகிகள் நேரில் கண்டு, நம் பகுதி மாடிகளை முறையாக ஆய்வு செய்ய வழி உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு ஊர்ச் சங்கத்திலும் ஒரு பதிவேடு வைத்து, எந்தக் கட்டடம் எந்த ஆண்டு சோதிக்கப்பட்டது, என்ன பழுது, யார் செய்தார், மறுமழையில் நின்றதா என்று எழுதிவந்தால், இன்னும் ஐந்தாண்டில் எந்த முறை நம் ஊருக்கு நிற்கும், எது நிற்காது என்று நமக்கே தெரிந்துவிடும். அந்த அறிவை எந்த விற்பனையாளரும் நமக்கு விற்க முடியாது.

நாம் சரக்கு வாங்கும்போது மூட்டைக்குள் கைவிட்டு, அடியில் இருப்பதை எடுத்துப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம். மேலாகப் பார்த்து வாங்குபவனை வியாபாரி என்று யாரும் சொல்வதில்லை. மாடிக்கும் அதே பழக்கத்தைக் கொண்டுவருவோம். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேச வேண்டுமென நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு முன், இந்த வாரக் கடைசியில் கடையைச் சாத்தும்போது, ஒவ்வொரு உறுப்பினரும் ஒருமுறை தம் மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.